போர்வைக்குப் பின்னால் முட்செடி

— திரைச்சீலையை விடு, டெல்மர். நீ ஆட்டுற ஆட்டத்துல ஜன்னலே கழண்டு விழும்.

— நான் ஆட்டல, ஆர்டிஸ். எட்டிப் பார்க்கிறேன். வாசல்ல நிக்கிறது கவுண்டி சர்க்கார் வண்டி. கதவுல முத்திரை போட்டிருக்கு. களை ஆபீசர் வந்துட்டான். செத்தோம்.

— நல்லாப் பாரு. தபால்காரனா இருக்கும்.

— தபால்காரன் எதுக்குக் கழுத்துல பைனாகுலர் மாட்டிக்கிட்டு வரான்? ரெண்டு மைலுக்கு அப்பால இருந்தே உன் முட்செடியைப் பார்த்திருக்கான்.

— ரெண்டு மைலாம்! என் செடி இடுப்பளவுதான்.

— யாரோட இடுப்பு, ஒட்டகச்சிவிங்கியோட இடுப்பா? கேரேஜ் கூரைக்கு மேல தலையை நீட்டி நம்ம வீட்டையே வேவு பார்க்குது. நேத்து ஒரு விமானம் அதைச் சுத்திக்கிட்டுப் போச்சு, என் கண்ணால பார்த்தேன்.

— மெதுவாப் பேசு. அந்தச் செடியிலதான் தங்கச்சிட்டுக் குருவியோட கூடு இருக்கு.

— தெரியும், தெரியும். அஞ்சு முட்டை. சட்டம் முட்டையை எண்ணாதுடி. அயோவா மாநிலத்துல முட்செடி வளர்க்கிறது குத்தம். நம்மளை வெட்டச் சொல்லுவான். மாட்டேன்னா அவனே ஆள் விட்டு வெட்டிட்டு, கூலியை வீட்டு வரியில ஏத்திடுவான். பேப்பர்ல பேர் வரும். அப்புறம் ஜெயில்.

— களைக்கெல்லாம் யாரும் ஜெயில்ல போட மாட்டாங்க.

— என்னைப் போடுவாங்க. எனக்கு அப்படி ஒரு முகம்.

— எனக்கு அந்தக் கூட்டை நினைச்சாத்தான் பயம், டெல்மர். அவ முட்டை மேல உக்காந்திருக்கா. மத்த பறவையெல்லாம் மே மாசமே குஞ்சு பொரிச்சு முடிச்சிடுச்சு. இவ மட்டும் முட்செடி பஞ்சு விடுற வரைக்கும் காத்திருந்து, அதுலேயே மெத்தை போட்டுத்தான் முட்டை வைப்பா. இப்ப வெட்டினா இந்த வருஷம் அவளுக்குக் குஞ்சே கிடையாது.

— அதான் அப்பவே சொன்னேன், குருவிங்களுக்கு விதைப் பையைத் தொங்கவிட்டமா, அதுங்க தலைகீழாத் தொங்கித் தின்னுட்டுப் போச்சான்னு இருக்கணும். நீதான் முழுக் கல்யாண மண்டபமே கட்டிக் குடுத்தே.

— நீ பேசாதே! முழங்கால் ஆபரேஷன் ஆகி குளிர் முழுக்க இந்த ஜன்னல்ல கிடந்தேனே, எனக்குப் பேச்சுத் துணை யாரு? நீயா? நீ டிவி முன்னால குறட்டை விட்டுக்கிட்டிருந்தே. அந்தக் குருவிங்கதான் சாம்பல் சட்டையைப் போட்டுக்கிட்டுத் தினமும் வந்து நின்னுச்சுங்க. வசந்தத்துல ஒண்ணொண்ணா மஞ்சளாச்சுதுங்க. நானும் எழுந்து நடந்தேன்.

— ஐயோ, நடக்கிறான்! விதைப் பை கிட்டப் போறான்.

— பறக்கலையா அதுங்க?

— எங்க பறக்குது? அவனைப் பார்த்து இன்னும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டுத் தின்னுது. தின்னிப்பண்டாரங்க. இப்ப வானத்தைப் பார்க்கிறான். இப்ப... ஆர்டிஸ், துணிக்கொடிப் பக்கம் திரும்பிட்டான்.

— போர்வை செடியை நல்லா மறைச்சிருக்கில்ல?

— மறைச்சிருக்கா! வெள்ளைப் போர்வை மேல பூரா முட்செடிப் பஞ்சு. பனி கொட்டின மாதிரி நிக்குது. ஆகஸ்ட் மாசத்துல! மூணு வாரமா தினமும் போர்வை காயப் போடுறே. சர்ச்சுல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? டெல்மர் படுக்கையை நனைக்கிறான்னு. பாதிரியாரே என் தோளைத் தட்டி, வயசானா சகஜம்னார்.

— கூட்டுக்காக ஒரு கெட்ட பேர் வாங்கினா தேஞ்சா போவே?

— பக்கத்து வயல்கார லைலும் புகார் சொல்லியிருப்பான். அவன் சோயா வயல்ல பஞ்சு பறந்து விழுந்துச்சுன்னு போன வாரமே முறைச்சான்... போர்வையைத் தூக்கிட்டான்! ஆர்டிஸ், தூக்கிட்டான்!

— கூட்டைப் பார்த்துட்டானா?

— குனியிறான். பையில இருந்து என்னமோ எடுக்கிறான். கத்தரி. ஆளுயரக் கத்தரி!

— கடவுளே, வெட்டப் போறான். விடு, நான் போறேன்.

— இந்தக் காலை வச்சுக்கிட்டு எங்க போறே? நில்லு, வெட்டல. போர்வையைப் பத்திரமா இறக்கி விட்டுட்டான். இங்க வரான். சத்தமே போடாதே. வீட்டுல யாரும் இல்ல.

— அடுப்புல வேகுற ருபார்ப் இனிப்பு வாசனை தெரு முனை வரைக்கும் அடிக்குது. யாரும் இல்லையாம்.

— தட்டுறான்! ஆர்டிஸ், கேளு, எல்லாம் நீதான் செஞ்சேன்னு நான் சொல்லிடுவேன். முன்னாலயே சொல்லிட்டேன்.

— சொல்லிக்கோ. கதவைத் திற.

— வணக்கம்மா. வணக்கம் ஐயா. என் பேர் வெண்டல். கவுண்டி களை ஆபீஸ்.

— தெரியுது தம்பி, வண்டியில எழுதியிருக்கு.

— போர்வைக்குப் பின்னால இருக்கிற முட்செடி... உங்களுதா?

— ஆமா. அது வந்து...

— என்னுது! நான்தான் வளர்த்தேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாது, முழங்கால் சரியில்லாதவ. இந்தா, கையை நீட்டிட்டேன், விலங்கு போடு. ஆனா குஞ்சு பறக்கிற வரைக்கும் கத்தரியை அது பக்கம் கொண்டு போகக் கூடாது. போனா இந்தக் கிழவனைத் தாண்டித்தான் போகணும்.

— டெல்மர்!

— ஐயா, கையைக் கீழ இறக்குங்க. நான் ஆபீஸ் வேலையா வரல. ஒரு பறவை பின்னால வந்தேன்.

— பறவை பின்னாலயா? வண்டியிலயா?

— ஆமாம்மா. ஓடைக்கு அந்தப் பக்கம்தான் எங்க வீடு. ஒரு தங்கச்சிட்டு எங்க தோட்டத்துல பாதிக் கூடு கட்டி நிக்குது. வாய் நிறையப் பஞ்சை எடுத்துக்கிட்டு உங்க பக்கத்துல இருந்துதான் வருது. அவ்வளவு தூரம் பறந்து களைச்சுப் போகுது.

— ஏன் தம்பி, ஓடைக்கு அந்தப் பக்கம் முட்செடியே கிடையாதா?

— இருந்துச்சு. எங்க வீட்டுலயே இருந்துச்சு, எனக்கே தெரியாம. என் பொண்டாட்டி ஜாய்ஸ் வளர்த்திருக்கா. துணிக்கொடிக்குப் பின்னால.

— போர்வை போட்டா?

— மெத்தை விரிப்பு. யாரோ புகார் எழுதிட்டாங்க. சட்டமாச்சே, நானே போய் நானே வெட்டினேன். வெட்டும்போது அந்தக் குருவி வேலி மேல உக்காந்து என்னையே பார்த்துச்சு. ஜாய்ஸும் பார்த்தா. அந்தக் கூடு முடியற வரைக்கும் வீட்டுப் படி ஏறாதேன்னுட்டா. பைனாகுலர் கூட அவளுதுதான், கார் கண்ணாடி மேல வீசியெறிஞ்சா. அம்மா, கூட்டைத் தொடாம ஓரத்துல ஒரு பை பஞ்சு மட்டும் வெட்டிக்கட்டுமா? வண்டியிலயே படுத்து எனக்கு முதுகு விட்டுப் போச்சு.