ரெகுலேட்டரில் பீர் வாடை

மராத்திக்காரர்கள் நிறைந்த தளேகாவ் லோக்கல் ரயிலில், தமிழ் யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் எதிர் சீட்டுக்காரர்கள் இருவர் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“ஃபேக்டரி கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டருக்குள்ள பீர் எப்படிடா போச்சு?”

“இரவலா வீட்டுக்குக் கொண்டுபோனேன். நான் காய்ச்சின பீருக்கு நுரை வர கேஸ் ஏத்த, பீப்பாயைப் படுக்கப்போட்டு உருட்டினேன். ரெகுலேட்டர் கீழே தரையில இருந்துச்சு. பீர் கேஸ் குழாய் வழியா அதுக்குள்ள போயிடுச்சு.”

“திரும்பாம தடுக்க ஒரு வால்வு போடக் கூடாதா?”

“போடல. கழுவாமலே வெல்டிங் ஷாப்புல திருப்பி வச்சிட்டேன். வாடை வந்ததும், வேலை நேரத்துல குடிச்சார்னு வெல்டர் காகாவை, அந்தப் பெரியவரைப் பிடிச்சுட்டாங்க. அவர் குடியை விட்டு ஒரு வருஷம் ஆச்சு.”

“நீ ஒண்ணும் சொல்லலையா?”

“பக்கத்துலதான் நின்னேன். ‘நான் இப்ப குடிக்கிறதில்லன்னு நீயாவது சொல்லு’ன்னு என்னைத்தான் கேட்டார்.”

“என்ன சொன்ன?”

அதை மட்டும் மெதுவாகச் சொன்னான். “‘மாலூம் நஹி’, எனக்குத் தெரியாதுன்னுட்டேன்டா.”