துண்டு போடுவதற்கு முன்

டீயைக் குடித்துவிடுங்கள் வக்கீலம்மா. ஆறிப்போனால் அது வேறு சரக்கு. உங்கள் கம்பெனி அனுப்பிய படிவத்தில் நாற்பத்தொரு கேள்வி இருந்தது. நாற்பதுக்கு என் ஆட்கள் பதில் எழுதிவிட்டார்கள். கடைசிக் கேள்வியை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்: 'வாங்குபவருக்கு இதுவரை தெரிவிக்காத குறை ஏதேனும் உண்டா?'

உண்டு. அதைச் சொல்லத்தான் மற்றவர்களை வெளியே அனுப்பினேன்.

என் அப்பா கறம்பக்குடிப் பக்கம் மாட்டுத் தரகர். நீங்கள் சென்னைக்காரர், பார்த்திருக்க மாட்டீர்கள். விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். வாய் பேசாது, விரல் பேசும். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒரு சட்டம் உண்டு. மாடு முட்டும், உழவில் படுத்துக்கொள்ளும், சுழி சரியில்லை, இப்படி எந்தக் குறை இருந்தாலும் துண்டு போடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லி விற்றால் பாவம் வாங்கியவன் தலையில். சொல்லாமல் விற்றால் விற்றவன் தலையில். அப்பா எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார், இந்த ஒன்றில் மட்டும் சொன்னதில்லை. நானும் அப்படித்தான்.

கம்பெனி வளர்ந்த விதம் உங்கள் கோப்பில் இருக்கும். ஒரு ஓட்டை ரோலரை வைத்துக்கொண்டு பஞ்சாயத்து ரோடுகளுக்கு ஒட்டுப் போட்டுத் திரிந்தவன் நான். மணமேல்குடி அஜ்மல் பாய் சவுதியிலிருந்து திரும்பி, ஜல்லி உடைக்கும் கிரஷரும் ஆறு டிப்பரும் வாங்கிப்போட்டுவிட்டு வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். என்னிடம் வேலை, அவரிடம் வண்டி. சேர்ந்தோம். மூன்றாவதாக இன்ஜினியர் நாகராசு அண்ணன் வந்தார். அவர் கம்பெனியில் மேஜை ஒன்று, நாற்காலி ஒன்று, அதற்கு மேல் மூளை.

கடற்கரைப் பக்கத்து உப்பு மண்ணில் ரோடு ஒரு மழைக்கு மேல் தாங்காது. அண்ணன் தேங்காய் நாரைப் பாய் மாதிரி முடையச் சொல்லி, மண்ணுக்கு மேல் விரித்து, அதற்கு மேல் ஜல்லி போட்டார். "மனுசனே வெறுந்தரையில படுத்தா இடுப்பு புடிச்சுக்குது. ரோடு மட்டும் எப்படிய்யா படுக்கும்?" என்பார். மூன்று அடைமழை போயும் அந்த ரோடு அசையவில்லை. அதன் பிறகுதான் வேலை எங்களைத் தேடி வந்தது.

மூன்று கம்பெனியும் ஒன்றானது துண்டுக்கு அடியில்தான். அஜ்மல் பாய் தோள் துண்டை வாங்கி மேஜைமேல் போட்டு, பங்கை விரலால் பேசி முடித்தோம். அண்ணனுக்கு அந்த வித்தை தெரியாது, நான்தான் சொல்லிக்கொடுத்தேன். துண்டுக்குள் கையை விடும் முன் தன் விரலைப் பார்த்துவிட்டு, "இரு, மோதிரத்தக் கழட்டி வச்சிர்றேன். ஒங்கப்பன் ஆவி இங்கிட்டுத்தான் எங்கயாச்சும் நிக்கும்" என்றார். அஜ்மல் பாய் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

படிவத்தில் 'புதுமைகள்' என்று ஒரு தலைப்பு இருந்ததே, அதில் நார்ப் பாய்க்கு அடுத்து இருப்பது என்னுடையது. தார் விரிக்கிற இடத்தில் சத்தமும் புகையும். கத்தினால் கேட்காது. டிப்பர் பின்னால் வரும்போது டிரைவருக்குக் கண்ணாடியில் புகை மட்டும்தான் தெரியும். சந்தை வித்தையை அங்கே கொண்டுவந்தேன். விரித்த கை என்றால் நில். இரண்டு விரலை மடக்கினால் பின்னால் வா. மூடிய கை என்றால் கொட்டு. டிரைவர்களுக்கு ஒரே உத்தரவு: கண்ணாடியைப் பார்க்காதே, என் கையைப் பார். நான்கு வருடம் ஒரு கீறல் இல்லை. உங்கள் தலைக்கு மேல் மாட்டியிருக்கிறதே, அந்தப் பாதுகாப்புப் பரிசு அதற்குத்தான்.

நீங்கள் முதலில் எங்களை வாங்கக் கேட்டது இரண்டு வருடத்துக்கு முன்பு. அப்போது கொடும்பாளூர்ப் பக்கம் பதினொரு கிலோமீட்டர் ரோடு ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தேதிக்குள் முடித்துக் காட்டுங்கள், பேசுவோம் என்றீர்கள். அவசரத்தில் தாரின் அடி அடுக்கைக் கொஞ்சம் மெலிதாக்கினேன். மேல் அடுக்கு வந்து மூடிவிட்டால் அடியில் என்ன என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

நாகராசு அண்ணன் பார்ப்பார். இதோ, மேஜைமேல் கிடக்கிறதே இரும்புக் கம்பி, இது அவருடையது. ஐம்பது மில்லிமீட்டரில் கோடு கீறியிருக்கிறது பாருங்கள். சூடாக இருந்தால் குத்திப் பார்ப்பார், இறுகியிருந்தால் உளியால் குழி பறித்து அளப்பார்.

"கோடு முங்கலயே, திருமுருகா."

"ரோலர் நல்லா ஏறுனா சரியாயிரும்ணே."

"ரோலர் ஏறுனா இன்னும்ல எளைக்கும். ஒனக்கு எவன்யா லைசென்ஸ் குடுத்தான்?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "போட்டதப் பேத்துட்டு மறுபடி போடு. அதுவரைக்கும் எந்தப் பேப்பர்லயும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மூன்று பேர் கையெழுத்தும் இல்லாமல் கம்பெனியை விற்க முடியாது. பேர்த்துப் போட்டால் தேதி போய்விடும், நீங்களும் போய்விடுவீர்கள்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து நாள் பேசினேன். நாற்பது போதும்ணே என்றேன். ஐம்பது என்றார். நாற்பத்தைந்து என்றேன். ஐம்பது. ஒரே விலையில் நிற்கிறவரோடு எங்கள் குடும்பத்தில் யாரும் வியாபாரம் செய்ததில்லை.

ஆறாம் நாள் காலை பத்து மணி. மேல் அடுக்கு போடத் தொடங்கும் நேரம். தார் விரிக்கும் இயந்திரத்துக்கு முன்னால், அடி அடுக்கில் குழி பறித்து, அண்ணன் குத்துக்காலிட்டுக் கம்பியை விட்டு அளந்துகொண்டிருந்தார். அடைக்கலம் டிப்பரைப் பின்பக்கமாகக் கொண்டுவந்தான். என்னிடம் பதினொரு வருடமாக வண்டி ஓட்டுகிறவன். கழுத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டி என் கையைப் பார்த்தான். என் கை விரிந்துதான் இருந்தது. பிறகு இரண்டு விரலை மடக்கினேன்.

ரிவர்ஸ் ஹாரன் கத்திக்கொண்டுதான் இருந்தது. நாள் முழுக்கக் கத்துகிறதை யார் காதில் போட்டுக்கொள்கிறார்கள்? அண்ணன் தலையை நிமிர்த்தினார். வண்டியைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். எழுந்து ஒதுங்கியிருக்கலாம், நேரம் இருந்தது. நான் கையை விரித்துவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்போதும் அவர் ஐம்பதிலிருந்து இறங்கி வரவில்லை.

முப்பதாம் நாள் காரியம் முடிந்து அவர் பங்குக்கு அவர் மனைவி செவந்தி விற்பனைப் பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. பேனாவைத் திருப்பித் தரும்போது, "அவுக அளவுக் கம்பியக் காணலயே, பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டது. தேடிப் பார்க்கிறேன் என்றேன். அஜ்மல் பாய் அன்றைக்கு ஊரில் இல்லை, எதையும் பார்க்கவில்லை. ஆனாலும் அதிலிருந்து என்னோடு கை குலுக்குவதில்லை.

அடைக்கலம் மேல் போட்ட வழக்கு முடியட்டும், பிறகு வாங்குகிறோம் என்றீர்கள். நியாயம். 'நீங்கள் கைகாட்டினதாக டிரைவர் சொல்கிறாரே' என்று கோர்ட்டில் என்னைக் கேட்டார்கள். நில் என்றுதான் காட்டினேன் என்றேன். அடைக்கலம் மறுத்துப் பேசவே இல்லை. வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்று என்னையே கேட்டான், "நாந்தான் தப்பாப் பாத்துட்டனோ மொதலாளி?"

"புகையா இருந்துச்சு அடைக்கலம்" என்றேன்.

"ஆமா மொதலாளி. புகையாத்தான் இருந்துச்சு."

இரண்டு வருடத் தண்டனை. அப்பீல் வருகிற திங்கட்கிழமை புதுக்கோட்டையில். அதுவும் தோற்றால் உள்ளே போவான். அவன் மகள் ஹாஸ்டலில் படிக்கிறாள், செலவு என்னுடையது. கொடும்பாளூர் ரோடு தேதிக்குள் முடிந்தது. போன மழைக்கே மூன்று இடத்தில் வாய் பிளந்துவிட்டது, அது வேறு விஷயம்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது வக்கீலம்மா. தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு. விற்றுவிட்டால் போகும் என்று நினைக்கிறேன்.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். "திங்கட்கிழமை கோர்ட்ல வந்து இதைச் சொல்லுவீங்களா?" என்று கேட்கிறீர்கள். குறையை யாரிடம் சொல்ல வேண்டும்? வாங்க வந்தவரிடம். கோர்ட் என்னிடம் எதையும் வாங்க வரவில்லையே.

சரி, படிவத்துக்குத் தகுந்த மாதிரி சுருக்கமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நாகராசு அண்ணனைக் கொன்றது நான். அடைக்கலம் வண்டி மட்டும்தான் ஓட்டினான். நாற்பத்தோராவது கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். இதற்காக விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டால் கேளுங்கள். மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன். இந்த நிமிஷத்திலிருந்து என் தலையில் ஒன்றும் இல்லை. துண்டு உங்களுக்குப் பின்னால் அலமாரியில் இருக்கிறது. எடுத்துப் போட்டுவிட்டுக் கையைக் கொடுங்கள்.