மஞ்சள் வண்டிக்கு ஒரு பேரம்

படிங்க தம்பி, ஏன் நிறுத்திட்டீங்க? இல்ல இல்ல, கார் லீஸ் பேப்பரை என்கிட்ட நீட்டாதீங்க, நீங்களே வாய்விட்டுப் படிங்க. எனக்கு எதையுமே காதால கேட்டாத்தான் மண்டையில ஏறும், பழக்கம் அப்படி. அதுவும் போக, எழுதுறப்போ யார் வேணா என்ன வேணா எழுதிடலாம். எதிர்ல ஒரு ஆளை வச்சுக்கிட்டு வாய்விட்டுப் படிக்கும்போது கொஞ்சம் கூச்சம் வரும் பாருங்க. இப்பக்கூட ஆவணக் கட்டணம்னு வந்ததும் உங்க குரல் இறங்கிடுச்சு.

சிரிக்காதீங்க. அது எதுக்கு, சொல்லுங்க. பேப்பர் தயார் பண்றதுக்கா? அது உங்க வேலைதானே. சட்டை வாங்கப் போனா பில்லு போட்ட கூலின்னு தனியா வாங்குறாங்களா என்ன. அதை அடிச்சிடுங்க. கண்ணாடி ரூம்ல இருக்குற மேனேஜர் சாரைக் கேக்கணுமா? சரி, மொத்தமா ஒரே தடவை போய்க் கேளுங்க, இன்னும் நாலஞ்சு இருக்கு.

நான் கறாரான ஆளுன்னு நினைக்காதீங்க. வண்டி எனக்கில்ல, என் சம்சாரத்துக்கு. கையெழுத்துப் போடப்போறதும் அவதான், வேலை முடிச்சிட்டு நேரா இங்க வருவா. லேபுக்காக வீடு வீடாப் போய் ரத்தம் எடுக்குறா. இத்தனை வருஷமா ஸ்கூட்டர்ல பின்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனவன் நான். எங்க பக்கம் எனக்குப் பேரே கிடையாது தம்பி, ஊசிக்காரம்மா வீட்டுக்காரர், அவ்வளவுதான். ஸ்கூட்டர் சத்தம் கேட்டா சின்னப் பிள்ளைங்க கட்டிலுக்கடியில பூந்துக்கும். இந்த எலக்ட்ரிக் வண்டியில சத்தமே வரலையே, பாவம், இனிமே அதுங்களுக்குத் தப்பிக்க வழியே இல்ல.

ஸ்கூட்டரா? அதை வித்தாச்சு. அவளுக்கு இடுப்பு வலியாம், அதனால கார் ஓட்டக் கத்துக்கிட்டா. லைசென்ஸும் வாங்கிட்டா. எனக்கும் ஓட்டி ஓட்டி அலுத்துப் போச்சு. இனிமே முதலாளி மாதிரி பக்கத்துல சாஞ்சுக்கிட்டுப் போவேன். அதான் காலையில ஓட்டிப் பாக்குறீங்களான்னு கேட்டப்போ, நீங்க ஓட்டுங்க, நான் உக்காந்து பாக்குறேன்னேன்.

அவ வர்றதுக்குள்ள ஏன் பேசி முடிக்கப் பாக்குறேன்னா, அவளுக்கு பேரம் பேசவே வராது. கடைக்காரர் என்ன விலை சொன்னாலும் சரிங்கம்பா. குறைச்சுக் கேட்டா அவங்க மனசு கஷ்டப்படுமாம். அவளைத் தனியா இங்க விட்டிருந்தா உங்க சார் இந்நேரம் அந்தக் கண்ணாடி ரூமையும் சேர்த்து எங்க தலையில கட்டியிருப்பாரு.

சரி, விஷயத்துக்கு வருவோம். மாசம் எவ்வளவு உங்களுக்கு வசதிப்படும்னு கேட்டீங்க பாருங்க, அங்கதான் நான் உஷாரானேன். நான் ஒரு தொகை சொன்னா அதுக்குள்ள எல்லாத்தையும் திணிச்சிடுவீங்க. முதல்ல வண்டி விலை சொல்லுங்க. அதுல எவ்வளவு குறைப்பீங்க, சொல்லுங்க. லீஸுதானே, மூணு வருஷம் ஓட்டிட்டு நாங்க வண்டியைத் திருப்பிக் குடுக்கும்போது அதுக்கு என்ன மதிப்புன்னு போட்டிருக்கீங்க, அதையும் சொல்லுங்க. நடுவுல மதிப்பு தேயுறதுக்கும் உங்க வட்டிக்கும் நாங்க கட்டணும். அது நியாயம், கட்டுறோம். நான் ஓசி கேக்கல.

வருஷத்துக்கு இவ்வளவுதான் ஓடலாம்னு போட்டிருக்குற கிலோமீட்டர் எல்லையைக் கூட்டிப் போடுங்க. அவ சுத்துற சுத்துக்கு இது எட்டு மாசத்துல தீர்ந்துடும். அதுக்குக் கொஞ்சம் மாசத் தவணை ஏறுமா? ஏறட்டும். கடைசியில அபராதமா வாங்குறதுக்குப் பதிலா இப்பவே தவணையா வாங்கிக்கங்க.

அப்புறம் அந்தக் கீறல் சமாச்சாரம், அதை இன்னொரு தடவை படிங்க. உள்ளங்கை அளவுக்கு மேல போனா காசா? யாரோட உள்ளங்கை? உங்க சாரோடதா என்னோடதா? அவ புதுசா ஓட்டுறவ தம்பி, எங்க வீட்டு கேட் தூண் இப்பவே நடுங்கிக்கிட்டு நிக்குது. இத்தனை அங்குலம்னு எழுதிக் குடுங்க. கார் மிதியடி, வாசனை டப்பா, அதெல்லாம் நீங்களே வச்சுக்கங்க. வீட்டுல சார்ஜர் மாட்டிக் குடுக்குறது மட்டும் உங்க செலவு. போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்.

வந்துட்டீங்களா. உள்ள போய் நெஜமாவே பேசினீங்களா, இல்ல தண்ணி குடிச்சிட்டு வந்தீங்களா? எல்லாத்துக்கும் சரின்னுட்டாரா. பரவாயில்லையே, தங்கமான மனுஷன், நான்தான் தப்பா நினைச்சிட்டேன்.

என்னது, வெள்ளையா? வெள்ளை எடுத்தா இன்னும் குறைப்பாராமா? வேணாம் தம்பி. மஞ்சள்னு முதல்லயே சொன்னேனே. என்ன மென்னு முழுங்குறீங்க? மஞ்சள் ஒண்ணுதான் இருக்கு, அதையும் காலையில யாரோ போன்ல சொல்லி நிறுத்தி வச்சிருக்காங்களா? அடுத்தது வர எத்தனை நாளாகும்? மாசக் கணக்கா? ஐயோ, அதெல்லாம் முடியாது. ரத்தம் வைக்கிற ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் பஸ் பஸ்ஸா ஏறி இறங்கிட்டு இருக்கோம்.

இல்ல, அவளுக்குப் பிடிச்ச கலர் இல்ல. அவளுக்கு மஞ்சள்னா ஆகவே ஆகாது. கொஞ்ச நாளைக்கு முன்னாடி டம்ளர், சோப்பு டப்பா, துண்டு எல்லாத்தையும் மஞ்சளா வாங்கிட்டு வந்தா. என்னடி இதுன்னு கேட்டா, தள்ளுபடியில கிடைச்சுதுன்னா. அதுக்கே மூக்கைச் சுளிச்சுக்கிட்டுத்தான் அடுக்கி வச்சா. காருன்னா என்ன ஆட்டம் ஆடப் போறாளோ.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. நிறுத்தி வச்சவங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க, வெள்ளை எடுத்துக்குறீங்களான்னு. குறைக்கிறேன்னீங்களே, அதை அவங்களுக்குக் குறைங்க. காரணம் கேட்டா சொல்லிடுங்க, அதுல என்ன வெக்கம். எனக்குப் பார்வை குறைஞ்சுக்கிட்டே வருது தம்பி. ஸ்கூட்டரைத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வெள்ளை, கறுப்பு, சாம்பல் எல்லாம் தூரத்துல ரோட்டோட ரோடா கரைஞ்சு போகுது. மஞ்சள் மட்டும் இன்னும் பளிச்சுன்னு நிக்குது. அவ ஒரு வீட்டுக்குள்ள போயிருக்கும்போது நான் இறங்கி ஒரு டீ குடிச்சேன்னா, திரும்பி வந்து ஏற வேணாமா? ஊரார் வண்டிக் கதவையெல்லாம் இழுத்துக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்.

ஆமா, பேப்பரை உங்களைப் படிக்கச் சொன்னதும் அதுக்குத்தான். பழக்கமாவது ஒண்ணாவது.

அட, நீங்க ஏன் மூஞ்சியத் தொங்கப் போடுறீங்க. எங்க வீட்டுல இதைப் பத்திப் பேச்சே எடுக்குறதில்ல. அவ இடுப்பு வலிம்பா, நான் அலுத்துப் போச்சும்பேன். ரெண்டு பேரும் நல்லாவே நடிக்கிறோம். போன் போடுங்க. பேரு எழுதலையா, நம்பர் மட்டும்தானா? சரி, அதையாவது படிச்சுட்டுப் போடுங்க.

இருங்க. போடாதீங்க. இன்னொரு தடவை படிங்க, மெதுவா.

தம்பி, அது அவ நம்பரு.

மஞ்சள்தான் வேணும்னாளா? உங்க போன் எடுக்குற பொண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்களேன். வேற எந்தக் கலரும் வேணாம்னு சொன்னாங்களாமா. விலை? விலையே கேக்கலையா. அதானே.

அப்போ அந்த டம்ளரு. அந்தத் துண்டு. தள்ளுபடின்னாளே தம்பி. ஜென்மத்துல அவ ஒரு கடையில தள்ளுபடி கேட்டதில்ல. எனக்கு அன்னிக்கே உறைச்சிருக்கணும்.

ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். அந்தத் தண்ணியைக் குடுங்க. வண்டி அதேதான், விலை நான் பேசினது, மறந்துடாதீங்க. அவ வந்தா நீங்க எதுவும் சொல்லிக்காதீங்க. ஸ்டாக்குல மஞ்சள்தான் இருந்துச்சாம், வேற வழியில்லன்னு நானே சொல்லிக்கிறேன். ஐயோ மஞ்சளான்னு மூக்கைச் சுளிச்சு ஒரு நடிப்பு நடிப்பா, அதைப் பாக்கணும். நாற்காலியை என் பக்கத்துல போடுங்க தம்பி. கிட்ட உக்காந்தா அவ முகம் எனக்கு நல்லாவே தெரியும்.