தொழிலாளி இல்லாத தெரு

சட்டையைக் கழட்டிக் கொடுத்துட்டு இப்படி வாசலையே பார்த்தா எப்படி தம்பி? உட்காருங்க. பட்டன்தானே, தைச்சிடலாம். பனியனோட இருக்கோமேன்னு கூச்சப்படாதீங்க, இந்தத் தெருவுல உங்களைப் பார்க்க யாரு இருக்கா? எல்லாரும் மெஷின் முன்னாடி உட்கார்ந்து, வராத ஆளுக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க.

ஆமா, எல்லாமே தையல் கடைதான். நாங்க மொத்தப் பேரும் ஒரே சட்டைக் கம்பெனியில வேலை பார்த்தவங்க. வெளிநாட்டுப் பழைய துணியை மூட்டை மூட்டையா இறக்கிக்கலாம்னு அரசாங்கம் சொல்லுச்சு, கம்பெனியை மூடிட்டாங்க. அழுதோம். உடனே வேன்ல வந்து ஆளுக்கொரு மெஷின் இறக்கினாங்க. மந்திரி மைக்ல சொன்னாரு, இன்னையிலேருந்து இங்க வேலையில்லாதவங்களே கிடையாது, எல்லாரும் முதலாளின்னு. நானும்தான் கை தட்டினேன். அடுத்த வாரமே ரேஷன் மாவு நின்னுபோச்சு. முதலாளிக்கு எதுக்கும்மா மலிவு மாவுன்னு கேட்டாங்க. நியாயம்தானே?

சிரிக்காதீங்க, இன்னும் இருக்கு. முதலாளின்னா ஒருத்தருக்காவது வேலை கொடுத்திருக்கணுமாம். சோதனைக்கு வர்றப்ப ஒரு தொழிலாளி கண்ணுல படலைன்னா மெஷினைத் தூக்கிடுவாங்க. தெரு முழுக்க முதலாளி, தொழிலாளிக்கு எங்க போறது? சொந்தக்காரங்க கணக்குல வர மாட்டாங்க. போன தடவை என் தங்கச்சியை நிறுத்தினேன். அதிகாரி எங்க ரெண்டு பேர் மூக்கையும் மாத்தி மாத்திப் பார்த்தாரு. இதுதான் கடைசி எச்சரிக்கைன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

எதிர்வீட்டு அக்காவோட மெஷின் போயிடுச்சு. சரி, இனிமேலாவது மாவு கொடுங்கன்னு போய்க் கேட்டிருக்கா. கம்ப்யூட்டர்ல இன்னும் நீ முதலாளிதாம்மான்னுட்டாங்க. மெஷின் போனாலும் முதலாளி போகல பாருங்க! இப்ப அவ கதவையே திறக்கிறதில்ல. எனக்கு மில்லுலேருந்து கிழிஞ்ச சாக்கு வருது, தைக்க. அதுலதான் ரெண்டு புள்ளைங்களும் சாப்பிடுதுங்க. இதையும் தூக்கிட்டா... விடுங்க.

ஆமா, எந்த ஊருக்கு இவ்வளவு அவசரமா போறீங்க? இன்டர்வியூவா? ஒரே ஒரு இடமா? அதுக்கு அத்தனை பேரா! அட கடவுளே. வீட்டுல முதல்முதலா காலேஜுக்குப் போனது நீங்கதானா? நினைச்சேன். சட்டையை அவ்வளவு பதமா மடிச்சுக் கொடுத்தீங்களே.

இருங்க, எழுந்திருக்காதீங்க. பஸ்சு வர்ற சத்தம் எனக்கும் கேக்குது. அடுத்ததுல போகலாம். ஐயோ, அடுத்தது சாயந்திரம்தான்னு எனக்கும் தெரியும் தம்பி. கோபப்படாதீங்க. பட்டன் அப்பவே தைச்சாச்சு. நீங்க தண்ணி குடிச்சுக்கிட்டிருந்தீங்களே, அப்பவே. அதுக்கப்புறம் நூல் இல்லாத ஊசியைத்தான் ஆட்டிக்கிட்டிருக்கேன். தெருமுனையில சோதனைக்கு வர்ற அதிகாரியோட ஜீப் நிக்குது. முதல் வீட்டுக்குள்ள போயிட்டாங்க, அடுத்து இங்கதான்.

உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். வேலை தேடித்தானே போறீங்க? ஒரு அரை மணி நேரம் என்கிட்ட பாருங்க. இந்த டேப்பைக் கழுத்துல போட்டுக்கோங்க. சாக்கை இப்படிப் பிடிங்க. இல்ல, இல்ல, சாக்கோட வாய் மேல்பக்கம் இருக்கணும். பேரு கேட்டா உங்க பேரையே சொல்லுங்க. எவ்வளவு நாளா வேலைன்னு கேட்டா, ரொம்ப நாளான்னு சொல்லுங்க. சம்பளம் எவ்வளவுன்னு கேட்டா மட்டும் ஒண்ணும் சொல்லாம தலையைக் குனிஞ்சுக்கோங்க. போதும். உடனே நம்பிடுவாரு.