அவள் உதடு அசைந்ததா?

"சுருக்கமாக முடித்துவிடுங்கள்" என்று காதோடு சொல்லிவிட்டு, ஊரறிய என்னை உயர்த்திப் பேசிய அவைத் தலைவர் அவர்களே! முன்வரிசை நாற்காலிகளை முன்கூட்டியே பிடித்துவிட்ட பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! "இந்த அம்மா எப்போது இறங்குவார், படம் எப்போது ஏறும்" என்று கதவருகே நிற்கும் இளைஞர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

தலைவர் என்னை "வயதான ரசிகை" என்றார். திருத்திக்கொள்ளட்டும். வயது எனக்குத்தான், என் ரசனைக்கு அல்ல! (கைதட்டாதீர்கள், அது என் நேரத்தில் போய்விடும்.)

இன்று நீங்கள் பார்க்கப்போவது ஒரு போர்க்காலக் காதல் கதை. பீரங்கி முழங்கும் படங்கள் எத்தனை! அதைவிட வசனம் முழங்கும் படங்கள் எத்தனை! இந்தப் படமோ போரை ஒரு தொலைபேசி நிலையத்துக்குள் கொண்டுவந்து காட்டுகிறது. கதாநாயகி அங்கே இணைப்புக் கொடுப்பவள். தாயை மகனோடு இணைக்கிறாள். தளபதியைத் தலைநகரோடு இணைக்கிறாள். ஊராரின் வார்த்தைகளெல்லாம் அவள் விரல் வழியே போகின்றன. அவளுடைய வார்த்தைக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை! காதலன் பாலம் கட்டும் படைவீரன். கடைசியில் அவன் போர்முனைக்குப் புறப்படுகிறான். கொட்டும் மழை. காத்திருக்கும் லாரி. அவன் பேசுகிறான், பேசுகிறான், பேசிக்கொண்டே இருக்கிறான். அவள்? கையுறையைக் கழற்றுகிறாள். அவன் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிடுகிறாள். ஒரு சொல் இல்லை! அப்படி ஒரு காட்சியை எடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

(என்ன தம்பி? முடிவைச் சொல்லிவிட்டேனா? முடிவைச் சொன்னால் கெட்டுப்போகிற படத்துக்காக நான் மேடை ஏறுவேனா?)

இதை நான் முதலில் பார்த்தபோது எனக்குத் திருமணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. என் கணவர் படையில் லாரி பழுதுபார்ப்பவர். அப்போது நிஜமாகவே போர். விடிந்தால் அவர் எல்லைக்குப் போக வேண்டும். அதுவரை நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் "தண்ணி வேணுமா", "வேண்டாம்" என்ற அளவில்தான். வீடு நிறைய உறவினர்கள். எனக்கோ தலை நிறையக் கர்வம். அவர் முதலில் பேசட்டும் என்று நான். நான் முதலில் பேசட்டும் என்று அவர்.

சினிமாவுக்குப் போகலாம் என்றார். மாமியாரும் கிளம்பினார். உட்கார்ந்ததோ எங்கள் இருவருக்கும் நடுவில்! (சிரிக்கிறீர்கள். அனுபவப்பட்டவர்கள் நிறையப் பேர் போலிருக்கிறது.)

படம் ஆங்கிலம். அத்தைக்கு ஒரு சொல்லும் தெரியாது. "கான்வென்ட்ல படிச்சவதானே நீ? சொல்லு, கேப்போம்" என்றார். கான்வென்ட்டில் எங்கள் சிஸ்டர் மொழிபெயர்ப்புக்கு வைத்த விதி ஒன்றே: கூட்டாதே, குறைக்காதே. நான் குறைத்தேன்.

"என்னம்மா சொல்றான்?"

"அவளை அவனுக்குப் பிடிச்சிருக்காம், அத்தை."

"இவ்வளவு நேரம் பேசினானே, அவ்வளவுதானா? முழுசா சொல்லு. நானும் டிக்கெட் எடுத்துத்தான் வந்திருக்கேன்."

கணவர் கேட்க, காதல் வசனத்தை, மாமியாரிடம்! காது சிவக்கச் சிவக்கச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "அக்கா, கொஞ்சம் சத்தமா, இங்க கேக்கலை" என்றாள். முன்வரிசையிலிருந்து ஒருவர், "ஒரே டிக்கெட்ல ரெண்டு படமா?" என்றார். என் கணவர்? லாரியைக் கண்டதும் ஒன்றே ஒன்று சொன்னார்: "மழையில இந்த இன்ஜின் இப்படி ஓடாது."

அந்தக் காட்சி வந்தது. பொத்தானைப் போட்டுவிட்டாள். திரை முழுக்க அவள் முகம். அத்தை கேட்டார்: "என்ன சொல்றா?"

ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் சரியான மொழிபெயர்ப்பு. ஆனால் விடிந்தால் அவர் போய்விடுவார். இனி எனக்கு எந்த இடம்? எந்த நேரம்? எந்தச் சாக்கு? வாய் திறந்துவிட்டேன்.

"'உங்ககிட்ட இன்னும் சரியாவே பேசலை. அதுக்குள்ள போறீங்க. முழுசா திரும்பி வாங்க, பேச நிறைய வச்சிருக்கேன்'னு சொல்றா, அத்தை."

அத்தை திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏம்மா, அவ உதடே அசையலையே?"

வரிசை முழுவதும் காது கொடுத்துக் காத்திருந்தது. நான் தலை குனிந்துவிட்டேன். அப்போது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அந்த இன்ஜின் மனிதர் சொன்னார்:

"அசைஞ்சுதும்மா. நான் பார்த்தேன்."

"அப்படியா? அதுக்கு அவன் என்ன சொல்றான்?"

லாரி வளைவில் மறைந்துவிட்டிருந்தது. திரையில் வெறும் சாலை.

"வந்துடறேன்னு சொல்றான்" என்றார்.

வந்தார், பெரியோர்களே! ஒரு கை சரியாக மடங்காது, ஆனாலும் வந்தார்! அதன் பிறகு இந்தப் படம் எங்கே ஓடினாலும், அந்த இடத்தில் என் பக்கம் சாய்வார். "என்ன சொல்றா?" சண்டை போட்ட நாளென்றால், "பால் வாங்காம கைய வீசிட்டு வந்துட்டீங்களேன்னு கேக்கறா" என்பேன். "நியாயமாத்தான் கேக்கறா" என்பார்.

எது உயர்ந்த கலை? எல்லாவற்றையும் தானே பேசித் தீர்த்துவிடுவதா? இல்லை! நமக்கென்று ஓர் இடம் விட்டுவைப்பது! நாம் நெஞ்சில் பூட்டி வைத்ததைத் திறக்க ஒரு வாசல் வைப்பது!

இன்று திரைக்குக் கீழே தமிழ் வரிகள் ஓடும் என்று செயலாளர் பெருமைப்பட்டார். தாளில் வாங்கிப் படித்து, திருத்தியும் கொடுத்தேன். அந்த இடத்துக்கு மட்டும் வரி கிடையாது. அதை நீங்கள் சொல்லுங்கள்! பக்கத்தில் இருப்பது கணவரா, மகளா, பேச்சை நிறுத்திவிட்ட அண்ணனா, யாராக இருந்தாலும் சாய்ந்து கேளுங்கள்: "என்ன சொல்றா?" கேட்கப்பட்டவர்களே, கூச்சப்படாதீர்கள்! கூட்டியே சொல்லுங்கள்! சிஸ்டருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

"நீங்கள் யாரிடம் சொல்வீர்கள்?" என்கிறீர்களா, அம்மா? நல்ல கேள்வி. அவர் போன பிறகு இன்றுதான் இந்தப் படத்தை முதல்முறையாகப் பார்க்கப்போகிறேன். மூன்றாம் வரிசை ஓரத்தில் உட்காருவேன். பக்கத்து நாற்காலியில் என் கைப்பை இருக்கும். அதை எடுக்கச் சொல்லாதீர்கள், ஆள் இருக்கிறது.

இவ்வளவு நேரம் பொறுத்த உங்களுக்கு நன்றி. விளக்கை அணைக்கலாம். வணக்கம்!