ஜீப் கவிழ்ந்த வளைவு

கம்பத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறிய ஜீப்பில், எனக்கு எதிரே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களில் இளையவள் சொன்னாள்:

"ஜீப்பு கவுந்த கதை எனக்கே சலிச்சுப்போச்சு மதினி."

"ஆரன் சத்தம் கேட்டாலே நடுங்கி வீட்டுக்குள்ள ஓடுனவளா பேசுறது?"

"வீட்டுல எல்லாரும் அதப் பேசாத, மறந்துருன்னாக. தேனி டாக்டரம்மா அதத்தான் பேசச் சொன்னாக. வாராவாரம் போயி, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் சொல்லணும். முதல்ல வாயத் தொறந்தாலே அழுகதான். சொல்லச் சொல்ல, அது முடிஞ்சுபோனதுன்னு மனசுக்கே பிடிபட்டுச்சு."

மதினி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்கும் அந்த வளைவு வந்தா கண்ண மூடிக்க தாயி."

"அந்த வளைவ அப்பவே தாண்டியாச்சு மதினி. கைய விடுங்க, வலிக்குது."