கொதித்த பின்னும் விறகு

மாலை நான்கு இருபதுக்கு ஸ்ரீரங்கம் வரவேண்டிய லால்குடி வண்டி வரவில்லை. நீராவி குறைந்து, கொள்ளிடம் பாலத்துக்கு அக்கரையில் இன்ஜின் நின்றுவிட்டதாம். ஆற்றில் வெள்ளம். கல்யாணமான என் பெண்ணை, முதல் ஆடி மாதம் எங்களோடு இருக்க, என் தம்பி அந்த வண்டியில் அழைத்து வந்துகொண்டிருந்தான். நான் பிளாட்பாரத்து முனைவரை போய்ப் பாலத்தைப் பார்ப்பதும் பெஞ்சிக்குத் திரும்புவதுமாக இருந்தேன்.

பக்கத்துப் பெஞ்சியில் ஒரு தம்பதி. கணவர் சயன்ஸ் வாத்தியார் போலும்.

"கொதி வந்தப்புறம் எத்தனை விறகு வெச்சாலும் தண்ணி அதுக்கு மேல சூடேறாது, தெரியுமோ?"

"அப்போ அந்த விறகெல்லாம் எங்கே போறதாம்?"

"தண்ணியோட மாலிக்யூல் எல்லாம் ஒண்ணையொண்ணு இழுத்துப் பிடிச்சுண்டிருக்கு. அதுகளைப் பிரிச்சாத்தான் ஆவி. பிரிக்கத்தான் அத்தனை விறகும். ஸ்பிரிட்டுக்கு அந்தப் பிடிப்பு கம்மி, கொஞ்சம் சூடே போதும்."

"பிரிக்கறதுக்கு இத்தனை விறகா? உங்க அக்கா ஒரே வார்த்தையில முடிச்சுடுவாளே!"

"அவளும்தான் பார்த்தா. நீ போனியோ?"

அந்த அம்மாள் சிரித்தாள்.

இருட்டுவதற்குள் வண்டி வந்துவிட்டது. என் பெண் இறங்கி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயந்துட்டேளாப்பா?" என்றாள். பிறகு, பாலத்துப் பக்கம் பார்த்தபடியே, "ஆடி முடிய இன்னும் எத்தனை நாள் இருக்கு?" என்று கேட்டாள்.